டிவிடி-ஆர்டபிள்யூவில் இரண்டாவது பேக்கப் சேர மறுப்பது: முழு அழிப்பு செய்து பாருங்கள்

உங்கள் டிவிடி-ஆர்டபிள்யூ (அழித்து மீண்டும் எழுதக்கூடிய டிவிடி) கெட்டிருக்காது. விரைவு அழிப்பை விட்டுவிட்டு, ஒருமுறை முழு அழிப்பு செய்துவிட்டு எழுதுங்கள்.

முதல் நாள் 1 ஜிபி சரியாக ஏறியது, மறுநாள் சேர்க்கப் போனால் "எழுத முடியாத வட்டு" என்று வருகிறது, ஒவ்வொரு முறையும் விரைவாக அழித்துத்தான் தொடங்குகிறேன் என்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்க வேண்டும். விரைவு அழிப்பு வட்டின் தொடக்கப் பகுதியை மட்டும் துடைக்கிறது. அப்படித் துடைத்த மைனஸ் வகை வட்டில் (பெயரில் "-" குறி உள்ள உங்களுடைய வகை) மொத்தத்தையும் ஒரே மூச்சில் எழுதி, மேலும் எதுவும் சேராதபடி மூடத்தான் டிரைவ் அனுமதிக்கும். பாதிக்கு மேல் இடம் மீதி இருந்தாலும் அடுத்த செஷன், அதாவது அடுத்த முறை எழுதும் தொகுதி, சேராது.

சோதிக்க:
1. வட்டில் இருப்பதை முதலில் ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். அழித்தபின் எதுவும் திரும்பாது.
2. முழு அழிப்பு கொடுங்கள். 2எக்ஸ் வேகத்தில் அரை மணி நேரம் ஆகும், நடுவில் நிறுத்தாதீர்கள்.
3. "வட்டை மூடு" என்ற தேர்வை நீக்கிவிட்டு ஒரு சிறிய கோப்பை எழுதுங்கள், பிறகு இன்னொன்றைச் சேருங்கள்.

இரண்டாவது கோப்பும் ஏறினால் காரணம் இதுதான். ஏறாவிட்டால் வேறொரு டிரைவில் பாருங்கள், லென்ஸ் பலவீனமாகியிருக்கலாம்.

பிளஸ் ஆர்டபிள்யூ (டிவிடி+ஆர்டபிள்யூ) வட்டுக்கு இந்த அழிப்புத் தொல்லையே கிடையாது, நேராக மேலெழுதலாம். தினமும் பேக்கப் எடுப்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஒன்று மட்டும் கவனம்: எந்த ஆர்டபிள்யூ வட்டும் தேயும். எழுதியபின் சரிபார்ப்பை ஓடவிடுங்கள். ஒரே நகலாக அதை நம்பிக் குடும்பப் படங்களை வைக்க வேண்டாம்.