ஜெர்மனில படிக்கிற பசங்க, அவசரம்னா யாரைக் கூப்பிடறது? கேட்டதும் சொன்னதும்

நான் 2014ல மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனி வந்தேன், படிச்சு முடிச்சு இங்கேயே வேலையும் ஆயிடுச்சு. வருஷா வருஷம் புதுசா வர்ற பசங்களை ஸ்டேஷன்ல போய் கூட்டிட்டு வர்றதுல இருந்து ராத்திரி ஆஸ்பத்திரில கூட உக்காந்திருக்கிறது வரைக்கும் எல்லாம் பார்த்தாச்சு. இந்த தடவை கிளம்புறவங்க வீடு, பார்ட் டைம் எல்லாம் விட்டுட்டு அவசரம்னா என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க, சந்தோஷமா இருக்கு. தெரிஞ்சதை சொல்றேன்.

கேள்வி: அக்கா, ஆம்புலன்ஸ் கூப்பிட்டா ஆயிரக்கணக்குல பில் வரும், முடிஞ்சவரை டாக்ஸில போயிடுன்னு சீனியர் ஒருத்தர் சொல்றார். நிஜமா? (சேலம்)

அந்த சீனியர் அமெரிக்கா கதையை இங்க ஓட்டிட்டு இருக்கார் தம்பி. நீ டிகே, ஏஓகே, பார்மர் மாதிரி அரசு சட்டத்துக்குள்ள வர்ற இன்ஷூரன்ஸ்ல இருந்தா, அவசரத்துல ஆம்புலன்ஸுக்கு உன் கைல இருந்து போறது அதிகபட்சம் 10 யூரோ. ஆஸ்பத்திரில படுத்தா ஒரு நாளைக்கு 10 யூரோ, அதுவும் வருஷத்துக்கு 28 நாள் வரைக்கும் தான். அவ்வளவுதான்.

இதை இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. வந்த முதல் டிசம்பர்ல எனக்கு வயித்து வலி, தொப்புள் கிட்ட ஆரம்பிச்சு வலது பக்கம் கீழ இறங்குச்சு. எனக்கும் யாரோ இதே கதையை சொல்லியிருந்தாங்க. ரெண்டு நாள் பாராசிட்டமாலும் ரசமுமா ஓட்டினேன், அம்மாகிட்ட வீடியோ கால்ல சிரிச்சேன். மூணாவது நாள் காலைல கொலம்பியாக்கார ரூம்மேட் என் மூஞ்சிய பார்த்துட்டு என்னைக் கேக்காமலே 112 அடிச்சிட்டா. உள்ள அப்பெண்டிக்ஸ் வெடிச்சிருந்தது. ஒன்பது நாள் படுக்கை. அங்க நைட் ஷிஃப்ட்ல இருந்த நர்ஸ் யாழ்ப்பாணத்து அக்கா, "ஏன் பிள்ள இவ்வளவு நாள் பொறுத்தனீர்"னு கேட்டாங்க, காசுக்கு பயந்துன்னு சொல்ல வெக்கமா இருந்தது. வீட்டுக்கு வந்த பில் ஆஸ்பத்திரிக்கு 90, ஆம்புலன்ஸுக்கு 10, ஆக 100 யூரோ. அந்த 100 யூரோவை மிச்சம் பிடிக்கத்தான் உயிரை வெச்சு விளையாடியிருக்கேன்.

கேள்வி: 112, 110, 116117ன்னு மூணு நம்பர் சொல்றாங்க, எது எதுக்கு? ஜெர்மன் ஏ1 (ஆரம்ப நிலை) தான் முடிச்சிருக்கேன், பேச முடியுமா? (கோவை)

உயிருக்கு ஆபத்து, தீ, விபத்துன்னா 112. ஐரோப்பிய யூனியன் முழுக்க அதே நம்பர் தான். போலீஸ் வேணும்னா 110. ராத்திரி காய்ச்சல், காது வலி, வாந்தி நிக்கல, ஆனா காலைல வரைக்கும் தாங்காதுன்னா 116117, கிட்ட இருக்கிற டியூட்டி டாக்டர் யாருன்னு சொல்வாங்க. ஞாயித்துக்கிழமை மருந்துக்கடை மூடியிருக்கேன்னு கவலைப்படாதீங்க, ஒவ்வொரு ஏரியாவுலயும் முறை வெச்சு ஒரு கடை திறந்திருக்கும், எதுன்னு மூடின கடை கதவுலயே ஒட்டியிருப்பாங்க, நேரம் கெட்ட நேரத்துல போனா 2.50 யூரோ கூடுதலா வாங்குவாங்க.

இங்கிலீஷ்ல பேசுனா பெரும்பாலும் சமாளிச்சுடுவாங்க. முதல் வார்த்தையே எங்க இருக்கேன்னு சொல்லணும், லைன் கட்டானாலும் வண்டி கிளம்பிடும். அப்புறம் என்ன ஆச்சு, எத்தனை பேருக்கு, அதுக்கப்புறம் அவங்க கேக்கிறதுக்கு பதில் சொல்லணும், அவங்க போதும்னு சொல்ற வரைக்கும் நாம வெக்கக்கூடாது.

ரெண்டு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க. ஒண்ணு, ஜெர்மனில சிம் இல்லாத போன்ல 112 போகாது, 2009ல இருந்தே அப்படித்தான், பொய் கால் தொல்லை தாங்காம நிறுத்திட்டாங்க. சிம்ல காசு இல்லன்னாலும் போகும், ஆனா சிம் இருக்கணும். ஏர்போர்ட்ல இறங்கி வைஃபை வெச்சே ரெண்டு வாரம் ஓட்டலாம்னு நினைக்கிறவங்க கவனிங்க. இன்னொண்ணு காலிங் பெல். இங்க அபார்ட்மெண்ட்ல பெரும்பாலும் ஃப்ளாட் நம்பர் கிடையாது, பெல் மேல குடும்பப் பேர் தான் இருக்கும். உங்க பேர் ஒட்டலன்னா ஆம்புலன்ஸ்காரங்க இருட்டுல இருபது பெல்லை பார்த்துட்டு நிப்பாங்க. வீட்டுக்குள்ள போன அன்னைக்கே ஒரு துண்டு பேப்பர்லயாவது எழுதி ஒட்டிடுங்க, போஸ்ட் வர்றதுக்கும் அதுதான்.

கேள்வி: எனக்கு 31 வயசு, டிகேல ஸ்டூடன்ட் இன்ஷூரன்ஸ் கிடையாதுன்னுட்டாங்க. ட்ராவல் இன்ஷூரன்ஸ் எடுத்தா போதுமா? (திருச்சி)

சார், உங்களுக்கு நான் மேல சொன்ன 10 யூரோ கணக்கு பொருந்தாது, அதனால கொஞ்சம் கவனமா படிங்க. 30 தாண்டினவங்களுக்கு ஸ்டூடன்ட் ரேட் கிடையாது, பிரைவேட் தான் வழி பெரும்பாலும். நீங்க கேட்ட ட்ராவல் இன்ஷூரன்ஸ் மாதிரி, மாசம் 30, 40 யூரோவுக்கு கிடைக்கிற விருந்தாளி இன்ஷூரன்ஸ்ல ஏற்கனவே இருக்கிற வியாதி, பல்லு, மனநலம் எல்லாம் விட்டுப்போயிருக்கலாம், பல தடவை காசை முதல்ல நீங்க கட்டிட்டு அப்புறமா கிளெய்ம் பண்ணணும். சுகர், ஆஸ்துமா இருக்கிறவங்க அந்த சின்ன எழுத்தைப் படிக்காம கையெழுத்து போடாதீங்க. அப்படியே இருந்தாலும் உயிர் போற அவசரம்னா எந்த ஆஸ்பத்திரியும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது, பில் அப்புறம் தான் வரும், தவணைல கட்டுறேன்னு எழுதிக் கேக்கலாம்.

30 தாண்டாத சின்னப் பசங்களுக்கும் ஒண்ணு, ஆகஸ்ட்லயே வந்து இறங்கிட்டா காலேஜ்ல சேர்ற வரைக்கும் நடுவுல ஒரு ஓட்டை இருக்கும், அந்த நாளுக்கு ட்ராவல் இன்ஷூரன்ஸ் போட்டே ஆகணும். பிரீமியம் ரெண்டு மாசம் பாக்கி வெச்சீங்கன்னா அவசர வைத்தியத்தைத் தவிர மத்தது நின்னு போகும்.

கேள்வி: நான் மதுரைல இருக்கிற அம்மா. பையன் ஒரு நாள் முழுக்க போன் எடுக்கலன்னா எனக்கு கை கால் ஓடாது. இங்கருந்து நான் யாரைக் கேக்கிறது?

அம்மா, முதல்ல ஒரு விஷயம். நீங்க மதுரைல இருந்து 112 அடிச்சா அது நம்ம ஊர் கண்ட்ரோல் ரூமுக்குத்தான் போகும், ஜெர்மனிக்கு போகாது. பையன் இருக்கிற ஏரியா போலீஸ் ஸ்டேஷனோட சாதா நம்பர் வேணும், +49ல ஆரம்பிக்கிறது. பையனையே கேட்டு எழுதி வாங்கி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிக்குங்க. அது கூட அவன் அட்ரஸ் முழுசா, ரூம்மேட் ஒருத்தர் நம்பர், வீட்டு ஓனர் இல்லன்னா ஹாஸ்டல் ஹவுஸ்மாஸ்டர் (கட்டடத்தைப் பார்த்துக்கிறவர்) நம்பர், யூனிவர்சிட்டி இன்டர்நேஷனல் ஆபீஸ் நம்பர். முதல்ல ரூம்மேட்டைக் கேளுங்க, பத்துல ஒன்பது தடவை லைப்ரரில சார்ஜ் இல்லாம தூங்கிட்டு இருப்பான். யாருமே பார்க்கலன்னா போலீஸ்ல சொன்னா வீட்டுக்குப் போய் கதவைத் தட்டிப் பார்ப்பாங்க.

ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு என் பையன் அங்க இருக்கானான்னு கேட்டா சொல்ல மாட்டாங்க, கல்நெஞ்சுன்னு நினைக்காதீங்க, நோயாளி சம்மதம் இல்லாம பெத்தவங்கன்னாலும் சொல்லக்கூடாதுன்னு சட்டம். அதனால பசங்களா, பர்ஸ்ல ஒரு சீட்டு வெச்சுக்குங்க, எனக்கு ஏதாவது ஆனா இன்னாருக்கு சொல்லலாம்னு எழுதி கையெழுத்து போட்டு. நம்ம வெளியுறவுத் துறையோட மதத் (MADAD) போர்ட்டல், வெளிநாட்டுல இருக்கிற இந்தியர்களுக்கு உதவுற வெப்சைட், அதுலயும் பேரைப் பதிஞ்சு வைங்க, அஞ்சு நிமிஷ வேலை.

கேள்வி: வேர்ஹவுஸ்ல பார்ட் டைம் பண்றேன். போன வாரம் பெட்டி விழுந்து விரல் நசுங்கிடுச்சு. சூப்பர்வைசர் வீட்டுல அடிபட்டதுன்னு டாக்டர்கிட்ட சொல்லச் சொல்றார். வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு. (பெயர் வேண்டாம்)

சொல்லாதே. தயவு செஞ்சு சொல்லாதே பா. வேலை இடத்துல அடிபட்டா அது உன் ஹெல்த் இன்ஷூரன்ஸ் கணக்கே இல்ல, பெரூஃப்ஸ்கெனோசன்ஷாஃப்ட்னு தனியா ஒரு விபத்து இன்ஷூரன்ஸ் இருக்கு, அதுக்கு முழுக் காசும் முதலாளி தான் கட்டுறார், நீ ஒரு பைசா கட்டல. வைத்தியம், பிசியோ எல்லாம் அவங்க பொறுப்பு, விரல் சரியா மடங்காம போச்சுன்னா அதுக்கு பின்னாடி நஷ்ட ஈடு வரைக்கும் போகலாம். வீட்டுல விழுந்தேன்னு ஒரு தடவை ஃபைல்ல ஏறிடுச்சுன்னா அத்தனையும் போச்சு. சூப்பர்வைசர் ஏன் அப்படி சொல்றார்னா மூணு நாளுக்கு மேல லீவுன்னா அவங்க ரிப்போர்ட் பண்ணியே ஆகணும், கேள்வி வரும், அதான்.

நீ போக வேண்டியது டீ-ஆர்ட்ஸ்ட்னு சொல்ற டாக்டர்கிட்ட, வேலை விபத்துக்குன்னே அனுமதி வாங்கினவங்க. உள்ள போன உடனே ஆர்பைட்ஸ்உன்ஃபால்னு சொல்லு, வேலை விபத்துன்னு அர்த்தம். வேலைல சேர்ந்து நாலு வாரம் ஆகியிருந்தா ஆறு வாரம் வரைக்கும் லீவு சம்பளமும் வரும், பார்ட் டைம்னாலும் தான். வீட்டுல இருந்து வேலைக்கு நேரா போற வழில சைக்கிள்ல விழுந்தாலும் இதே கணக்கு. யூனிவர்சிட்டி லேப்ல அடிபட்டா அதுக்கும் தனியா அரசு விபத்து இன்ஷூரன்ஸ் இருக்கு. விசாவுக்கு எந்த பாதிப்பும் இல்ல, டாக்டர்கிட்ட போனதுக்கு யாரும் விசாவைப் பிடுங்க மாட்டாங்க.

கேள்வி: ட்ரெயின்ல பேக் போயிடுச்சுன்னா? பாஸ்போர்ட், கார்டு எல்லாம் அதுலயே இருந்தா? (நாகர்கோவில்)

முதல்ல 116 116, பேங்க் கார்டு, சிம், ரெசிடென்ஸ் பர்மிட்ல இருக்கிற ஆன்லைன் ஐடி எல்லாம் ப்ளாக் பண்ண ஒரே நம்பர். அடுத்தது போலீஸ் கம்ப்ளெய்ன்ட், அந்தப் பேப்பர் இல்லாம ஒண்ணும் நகராது. அப்புறம் நம்ம தூதரகம் பெர்லின்ல, பிராங்பர்ட், ஹாம்பர்க், மியூனிக்ல கான்சுலேட், உன் மாநிலம் யாருக்கு கீழ வருதுன்னு பார்த்து அங்க தான் அப்ளை பண்ணணும். எமர்ஜென்சி சர்டிபிகேட்னு ஒண்ணு உடனே தருவாங்கன்னு கேள்விப்பட்டு நிறைய பேர் ஓடுறாங்க, அது இந்தியாவுக்கு ஒரு தடவை திரும்பிப் போக மட்டும் தான், இங்க தங்கிப் படிக்கிறவங்களுக்கு புது பாஸ்போர்ட் தான் வேணும். பர்மிட் கார்டுக்கு ஃபாரினர்ஸ் ஆபீஸ்ல தனியா சொல்லணும்.

கேள்வி: 110ல இருந்தே எனக்கு கால் வந்தது அக்கா, உன் பேர்ல பார்சல்ல போதைப்பொருள் இருக்கு, அரெஸ்ட் வாரண்ட்னு. கை நடுங்கிடுச்சு.

ஜெர்மன் போலீஸ் 110 நம்பர்ல இருந்து யாருக்கும் கால் பண்ணவே பண்ணாது. அது டிஸ்ப்ளேல தெரிஞ்சாலே திருட்டுப் பய தான். வெச்சிடு.

கேள்வி: சம்மர்ல எல்லாரும் ஏரில குளிக்கிறாங்க. நான் ஊர்ல கிணத்துல குதிச்சு வளர்ந்தவன், பயம் இல்லதானே? (தேனி)

தம்பி, கிணத்துல நீந்துறவன் தான் இங்க ஏமாந்து போறான். மேல தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், ரெண்டு ஆள் ஆழத்துல ஐஸ் மாதிரி. மணல் தோண்டின குவாரி ஏரில கரை திடீர்னு இறங்கிடும், உடம்பு திடுக்கிட்டு மூச்சு அடைக்கும். பீர் குடிச்சிட்டு இறங்கவே கூடாது. ரைன் ஆத்துல இறங்குற எண்ணமே வேண்டாம், சரக்குக் கப்பல் போறப்ப தண்ணிய உள்ள இழுத்துட்டு அப்புறம் திருப்பி அடிக்கும், முழங்கால் ஆழத்துல நின்னவங்களையே இழுத்துட்டுப் போயிருக்கு. சிவப்பு மஞ்சள் கொடி பறக்குதுன்னா காவலுக்கு ஆள் இருக்காங்கன்னு அர்த்தம், அங்க குளி. குளிர்காலத்துல ஏரி உறைஞ்சிருக்குன்னு ரீல்ஸ் எடுக்க மேல நடக்கிறதும் வேண்டாம்.

கேள்வி: ஹாஸ்டல்ல தாளிச்சா அலாரம் அடிக்குது, என்ன பண்றது?

ஹாஹா, இது எல்லாருக்கும் உண்டு. கடுகு, வத்தல் போடறதுக்கு முன்னாடி ஜன்னலைத் திற, புகை வந்தாலும் காரிடார் கதவை மட்டும் திறக்காதே. ரூம்ல அடிக்கிறது வெறும் சத்தம், காரிடார்ல இருக்கிறது சில ஹாஸ்டல்ல நேரா ஃபயர் சர்வீஸுக்கே போகும், வெட்டியா வந்தாங்கன்னா பில் உன் பேர்ல வரலாம். அலாரத்துல பிளாஸ்டிக் கவர் கட்டுறவங்களும் இருக்காங்க, அது கூடவே கூடாது. எண்ணெய் பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தாதே, அடுப்பை அணைச்சு மூடி போட்டு மூடு. குளிருதுன்னு கரி அடுப்பை ரூமுக்குள்ள கொண்டு வர்றது அதைவிட மோசம், வாசனையே இல்லாத புகை, தூக்கத்துலயே ஆள் போயிடுவாங்க.

கேள்வி: ரெண்டு தடவை ஒரே பேப்பர் ஃபெயில். மூணாவதும் போனா வெளிய அனுப்பிடுவாங்க. வீட்டுல லோன் போட்டு அனுப்பினாங்க. எதுக்கு எழுந்திருக்கிறதுன்னே தெரியல. (பெயர் வேண்டாம்)

கண்ணா, இதை எழுதினதுக்கே நன்றி. முதல்ல இன்னைக்கு ராத்திரி. செத்துடலாம்னு தோணுதுன்னா அதுவும் 112 தான், காலு உடைஞ்சா கூப்பிடுற மாதிரியே தான், கூச்சப்பட ஒண்ணும் இல்ல. மனசு விட்டுப் பேச டெலிஃபோன்ஸேல்ஸார்கேன்னு ஒரு லைன், 0800 111 0 111, காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு. பெரும்பாலும் ஜெர்மன் தான், அதனால பக்கத்து ரூம் கதவைத் தட்டு, தனியா இருக்காதே. நாளைக்கு யூனிவர்சிட்டி ஸ்டூடண்டன்வெர்க் (மாணவர் நலனைப் பார்த்துக்கிற அமைப்பு) கவுன்சலிங்குக்கு எழுது, பெரும்பாலும் ஃப்ரீ, வீட்டுக்கு சொல்ல மாட்டாங்க.

அப்புறம் பரிட்சை விஷயம். உடம்பு, மனசு சரியில்லாம போய் எழுதி மூணாவது சான்ஸை வீணாக்காதே. பரிட்சைக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட போய் எழுதும் நிலைல இல்லன்னு சர்டிபிகேட் வாங்கி பரிட்சை ஆபீஸ்ல உடனே குடுத்தா அந்த முயற்சி கணக்குல சேராது. எழுதி ஃபெயில் ஆனதுக்கு அப்புறம் கொண்டு போனா ரொம்ப கஷ்டம். அப்படியே போனாலும் வேற யூனிவர்சிட்டில கிட்டத்தட்ட இதே மாதிரி கோர்ஸ் மாத்திக்கிட்டவங்க எனக்கே நாலஞ்சு பேர் தெரியும், ஒருத்தன் இப்ப என் ஆபீஸ்ல தான் இருக்கான். எனக்கு தனியா எழுது, இன்னைக்கே.

கேள்வி: கடைசியா ஒண்ணு, இங்க சைரன் அடிச்சா என்ன பண்ணணும்?

நீனான்னு ஒரு அரசு ஆப் இருக்கு, போட்டுக்குங்க, வெள்ளம், கெமிக்கல் புகை எதுன்னாலும் இங்கிலீஷ்லயும் சொல்லும். செப்டம்பர் ரெண்டாவது வியாழக்கிழமை காலைல 11 மணிக்கு மட்டும் பதறாதீங்க, நாடு முழுக்க டெஸ்ட், போன் எல்லாம் ஒரே நேரத்துல அலறும். வந்து மூணு நாள் ஆன தம்பி ஒருத்தன் சண்டை வந்துடுச்சுன்னு நினைச்சு பாஸ்போர்ட்டையும் பருப்புப்பொடி டப்பாவையும் தூக்கிட்டு வெறுங்கால்ல அஞ்சு மாடி இறங்கி வந்துட்டான், ஹவுஸ்மாஸ்டர் தான் அவனை உக்கார வெச்சு காபி குடுத்து விஷயத்தை சொல்லி அனுப்பினார்.