பென்டிரைவைக் கண்டுகொள்ளாத டேப்லெட்

கேள்வி: 2015இல் மகன் வாங்கித் தந்த 10 அங்குல டேப்லெட். இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப் பிராசசர், 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு. விண்டோஸ் 10 தவழ்கிறது. லினக்ஸை பென்டிரைவில் ஏற்றிச் செருகினால், அப்படி ஒன்று இருப்பதாகவே டேப்லெட் காட்டவில்லை. தமிழ் மின்னூல் படிக்க முடிந்தால் போதும். வழி உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: உண்டு ஐயா. பென்டிரைவைக் குறை சொல்லாதீர்கள். இதே பிராசசர் உள்ள டேப்லெட்டோடு நானும் மல்லுக்கட்டியிருக்கிறேன். நல்ல பென்டிரைவ்கள் இரண்டைத் தூக்கிப்போட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. பிராசசர் 64 பிட். ஆனால் அதை எழுப்பிவிடும் யூஇஎஃப்ஐ என்ற தொடக்க மென்பொருள் 32 பிட்! பெரும்பாலான 64 பிட் லினக்ஸ் பிரதிகளில் 32 பிட் யூஇஎஃப்ஐக்கான தொடக்கக் கோப்பு இருக்காது. டெபியன் 12 என்ற லினக்ஸ் வகையின் 64 பிட் நிறுவல் பிரதியில் இருக்கிறது. அங்கீகரிக்கப்படாத மென்பொருள் தொடங்குவதைத் தடுக்கும் ‘செக்யூர் பூட்’ வசதியை யூஇஎஃப்ஐ அமைப்புகளில் அணைத்துவிட்டு அதை முயலுங்கள்.

சார்ஜ் செய்வதும் பென்டிரைவ் செருகுவதும் ஒரே துளை என்றால், முதல் நாள் இரவே முழுக்க சார்ஜ் ஏற்றிவிடுங்கள். டேப்லெட்டின் சிறிய துளையில் யூஎஸ்பி சாதனங்களை இணைக்க உதவும் ஓடிஜி கேபிள், அதன் முனையில் பல துளைகள் உள்ள யூஎஸ்பி ஹப், அதில் பென்டிரைவ், கீபோர்டு, மவுஸ் மூன்றும் வேண்டும்.

அவசரப்பட்டு விண்டோஸை மட்டும் அழித்துவிடாதீர்கள். நான் அழித்தேன், அனுபவித்தேன். முதலில் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் வைஃபை, ஒலி, தொடுதிரை சிப்புகளின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றை இயக்கும் டிரைவர் கோப்புகள் அனைத்தையும் வேறொரு பென்டிரைவில் நகலெடுங்கள். வைஃபை ரியல்டெக் 8723பிஎஸ் ஆக இருந்தால் கவலை இல்லை. 2017 முதலே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் அதற்கு டிரைவர் உண்டு, சிப்புக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருளான ஃபர்ம்வேரும் டெபியன் 12 பிரதியிலேயே வருகிறது. தொடுதிரை சைலீட் சிப் என்றால்தான் பாடு. அந்தந்த மாடலின் கண்ணாடிக்கு ஏற்ற ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும். அதை அந்த விண்டோஸ் டிரைவரிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்க வேண்டியிருக்கும். வேறு மாடலின் கோப்பை நான் போட்டுப் பார்த்தேன். இடது மேல் மூலையைத் தொட்டால் அம்புக்குறி வலது கீழ் மூலைக்கு ஓடியது. எந்தக் கோப்பைத் தேடிக் கிடைக்கவில்லை என்பதைக் கெர்னல் தன் பதிவேட்டில் பெயரோடு எழுதியிருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள்.

கேமராவை மறந்துவிடுங்கள். மின்னூலுக்கு அது எதற்கு? டெஸ்க்டாப்புக்கு எல்எக்ஸ்க்யூடி என்ற இலகுவான திரை இடைமுகம் போதும். 2 ஜிபி ரேமுக்கு அதைவிடக் கனமானது ஆகாது. படித்துக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்து நின்றால், இந்த வகை ஆட்டம் பிராசசர்களுக்கு அது பழைய வியாதி. பிராசசர் ஆழ்ந்து உறங்கப் போவதைத் தடுக்கும் கெர்னல் அமைப்பு ஒன்று உண்டு. உறைதல் நிற்கும், பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும்.

தொடுதிரை கடைசிவரை மசியாவிட்டால் மவுஸைக் கழற்றாதீர்கள். என்னுடையது ஒன்றரை மாதம் அப்படித்தான் ஓடியது.