பிரஷர் பிலிமை ஓட்டாதீர்கள், நிறுத்தி வையுங்கள்

வணக்கம். லேமினேஷன் மெஷினில் இடது ஓரம் மட்டும் சுருக்கம் விழுகிறது, ரப்பர் ரோலருக்கும் ஸ்டீல் ரோலருக்கும் நடுவே பிரஷர் பிலிமை (அழுத்தம் பட்ட இடம் சிவக்கும் பிலிம்) ஓட்டிப் பார்த்தால் முழுவதும் சிவந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஓட்டியதுதான் காரணம். பிலிமில் உள்ள நுண்குமிழ்கள் உடைந்துதான் சிவப்பு வருகிறது. உடைந்தவை மறுபடி ஒன்றுசேராது. ரோலர் சுழலும்போது பிலிமின் ஒவ்வொரு புள்ளியும் உச்ச அழுத்தம் உள்ள இடத்தைக் கடந்துவிடும். அப்புறம் நிப்பின், அதாவது இரு ரோலரும் அழுந்தித் தொடும் பட்டையின், அகலம் எப்படித் தெரியும்?

மோட்டார் இணைப்பைத் துண்டியுங்கள், ரோலர் ஆறட்டும். மேல் ரோலருக்கு முட்டு கொடுத்துவிட்டு, நிப்பைவிட நீளமான பட்டைகளை இடது, நடு, வலது என நிப்புக்குக் குறுக்காக ஒட்டுங்கள். இரட்டைத் தாள் வகை என்றால் பூச்சுள்ள முகங்கள் ஒன்றையொன்று தொட வேண்டும். கையையும் முட்டையும் எடுத்த பிறகே, வழக்கமான காற்றழுத்தத்தில் மெதுவாக மூடுங்கள். சில விநாடிகள் போதும்.

ரப்பர் ரோலருக்கு நான் நிறத்தைவிடச் சிவப்புக் கோட்டின் அகலத்தையே அதிகம் நம்புவேன். வெர்னியரால் அளந்து பாருங்கள். இடது குறுகலாக இருந்தால் அந்தப் பக்கச் சிலிண்டரின் காற்றழுத்தத்தை முதலில் பாருங்கள், பிறகு ஸ்டாப்பர், பேரிங். இரு ஓரமும் அகலமாக, நடு மட்டும் குறுகலாக இருந்தால் ரோலர் வளைகிறது. அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லையேல் கிரவுன் கொடுத்து, அதாவது நடுப்பகுதி சற்றே பருமனாக இருக்கும்படி, ரோலரைத் தேய்க்க வேண்டும்.

எங்குமே வெளிறித் தெரிந்தால் பிலிமின் தரம் பொருந்தவில்லை. ஃபியூஜி பிரிஸ்கேல் என்ற பிலிமில் எல்எல்டபிள்யூ ரகம் 0.5 முதல் 2.5 மெகாபாஸ்கல் வரை. அதற்குக் கீழே எல்எல்எல்டபிள்யூ வாங்குங்கள்.

மூன்று அகலத்தையும் இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.