பதினாறு வாரங்களும் ஒரு காணாமற்போன பாட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் கல்லூரி இசை ரசிகர் மன்றத்தில் மாதம் ஒருமுறை கூடிப் பாட்டுக் கேட்கிறோம். அடுத்த ஆறு மாதங்களுக்கு 1990-களின் அமெரிக்கப் பாப் இசையைக் கேட்பது என்று முடிவாகி, ஆண்டுவாரியாகப் பட்டியல் போடும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பில்போர்டு பத்திரிகையின் ஹாட் 100 தரவரிசையில் முதலிடம் பெற்ற பாட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். அப்போது இரண்டு விஷயங்கள் என்னைக் குழப்பின. 1980-களின் இறுதியில் ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை முதலிடம் கைமாறியிருக்கிறது. 1992-இலிருந்தோ ஒரே பாட்டு பதின்மூன்று, பதினான்கு, பதினாறு வாரங்கள் அசையாமல் அமர்ந்திருக்கிறது. அந்தப் பத்தாண்டில் அமெரிக்கர்களின் ரசனை தேங்கிப்போயிற்றா? அடுத்து, என் அத்தை தம் கல்லூரி நாட்களில் எம்டிவியில் ஓயாமல் பார்த்ததாகச் சொல்லும் நோ டவுட் குழுவின் 'டோன்ட் ஸ்பீக்' முதலிடத்தில் மட்டுமல்ல, அந்த நூறு இடங்களில் எங்குமே இல்லை. அத்தையின் நினைவு தவறா, பட்டியல் தவறா?

ச., கோயம்புத்தூர்

அன்புள்ள ச.,

உங்கள் அத்தையின் நினைவு சரியானது. பட்டியலும் தனக்கென்று வகுத்துக்கொண்ட விதிகளின்படி சரியானதுதான். அந்த விதிகள் எவை, அவை எப்போது மாறின என்று பார்த்தால் உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

ஹாட் 100 தொடங்கியது 1958 ஆகஸ்டில். கடைகளில் சிங்கிள் என்ற தனிப்பாட்டு இசைத்தட்டுகளின் விற்பனை, வானொலியில் ஒலிபரப்பு ஆகிய இரண்டையும் சேர்த்து வாரந்தோறும் நூறு பாட்டுகளை வரிசைப்படுத்துவதே அதன் வேலை. ஆனால் 1991 வரை அந்த விற்பனையை யாரும் உண்மையில் எண்ணவில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. பத்திரிகை அலுவலகத்திலிருந்து இசைத்தட்டுக் கடைகளைத் தொலைபேசியில் அழைத்து, இந்த வாரம் எது நன்றாகப் போகிறது என்று கேட்பார்கள். கடைக்காரர் எத்தனை பிரதி விற்றது என்று சொல்லமாட்டார். இது முதலாவது, அது இரண்டாவது என்று வரிசையை மட்டும் சொல்வார். வானொலி நிலையங்களும் தாங்கள் ஒலிபரப்பும் பாட்டுகளின் பட்டியலைத் தாங்களே தயாரித்து அனுப்பின. ஆக, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தரவரிசை கடைக்காரர்களும் நிலையத்தாரும் சொன்ன சொல்லை நம்பி நின்றது.

அப்படிச் சொல்லும் சொல்லைத் திருப்புவது கடினமல்ல. இசை நிறுவனங்களின் பிரதிநிதிகள் கடைகளுக்கு இலவசத் தட்டுகளையும் அன்பளிப்புகளையும் கொடுத்துத் தங்கள் பாட்டை வரிசையில் மேலே ஏற்றச் சொன்னார்கள். இந்த ஊழலைவிடவும் நுட்பமான குறை ஒன்றிருந்தது. ஒரு பாட்டு உச்சியைத் தொட்டதும் அதன் நிறுவனத்துக்கு அந்தப் பாட்டில் ஆர்வம் குறைந்துவிடும். அதே ஆல்பத்தின் அடுத்த சிங்கிளை ஏற்றுவதில் பிரதிநிதிகள் மும்முரமாவார்கள். கடைக்காரரின் வாயும் வானொலியின் பட்டியலும் அவர்களோடு சேர்ந்து நகர்ந்துவிடும். உச்சியிலிருந்த பாட்டை மக்கள் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தாலும் அது தரவரிசையில் மளமளவென்று இறங்கும். 1989-இல் முப்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகள் முதலிடத்தில் ஏறி இறங்கியதற்கு இதுவே முதன்மையான காரணம் என்று கருதுகிறேன். நீங்கள் ரசனையின் சுறுசுறுப்பு என்று எண்ணியது பெரும்பாலும் விற்பனைப் பிரதிநிதிகளின் சுறுசுறுப்பு.

மாற்றம் பார்கோடிலிருந்து வந்தது. கடையில் தட்டையோ கேசட்டையோ பணம் கட்டும் இடத்தில் கருவியின் முன் காட்டும்போதே அதன் விற்பனை பதிவாகி ஓரிடத்தில் சேரும் ஏற்பாட்டை சவுண்ட்ஸ்கேன் என்ற நிறுவனம் செய்தது. 1991 மே 25 தேதியிட்ட இதழில் ஆல்பங்களின் தரவரிசை முதன்முதலாக இந்தக் கணக்கைக் கொண்டு வெளியானது. அடுத்த சில மாதங்களில் நடந்தவற்றை இப்போது படித்தாலும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் காம்ப்டனைச் சேர்ந்த ராப் குழுவான என்.டபிள்யூ.ஏ.யின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது. செப்டம்பரில் கார்த் புரூக்ஸின் 'ரோப்பின் தி விண்ட்' வெளியான உடனேயே முதலிடத்தில் நுழைந்தது. நாட்டுப்புறப் பாணியான கன்ட்ரி இசை ஆல்பம் ஒன்று நேராக முதலிடத்தில் நுழைந்தது அதுவே முதன்முறை. 1992 ஜனவரியில் சியாட்டில் இசைச் சூழலின் முகமாகிவிட்ட ராக் குழுவான நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்', மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தை முதலிடத்திலிருந்து இறக்கியது. இந்த ரசிகர்கள் 1991-இல் திடீரென்று முளைத்தவர்கள் அல்லர். ராப் வாங்கிய கறுப்பின இளைஞர்களும் கன்ட்ரி இசை கேட்ட சிற்றூர்க்காரர்களும் முன்பே இருந்தார்கள்; தொலைபேசியில் பதில் சொன்ன கடைக்காரரின் நினைவில்தான் அவர்கள் இல்லை.

அதே ஆண்டு நவம்பர் 30 தேதியிட்ட இதழில் ஹாட் 100-உம் மாறியது. விற்பனையை பார்கோடு எண்ணியது. வானொலி ஒலிபரப்பைக் கணினி நேரடியாகக் கேட்டு, எந்தப் பாட்டு எத்தனை முறை ஒலித்தது என்று குறித்துக்கொண்டது. புதிய முறையில் முதலிடம் பெற்ற முதல் பாட்டு பி.எம். டான் குழுவின் 'செட் அட்ரிஃப்ட் ஆன் மெமரி பிளிஸ்'. அதன்பின் முதலிடம் கைமாறும் வேகம் தணிந்துவிட்டது. 1994 முழுவதையும் எடுத்துக்கொண்டால், முந்தைய ஆண்டிலிருந்து தொடர்ந்த மரையா கேரியின் பாட்டையும் சேர்த்து, முதலிடத்தில் இருந்த பாட்டுகள் பத்தைத் தாண்டவில்லை.

ஆகவே ரசனை தேங்கவில்லை, ச. மக்கள் தமக்குப் பிடித்த பாட்டை எவ்வளவு காலம் கேட்கிறார்கள் என்பது முதன்முறையாக எண்ணிக்கையில் தெரியவந்தது. பாட்டை விற்பவருக்கு ஒரு மாதத்தில் சலித்துவிடுகிறது. காரில் போகும்போதும் சமையலறையில் வேலை செய்யும்போதும் அதைக் கேட்பவருக்கு நான்கு மாதமானாலும் சலிப்பதில்லை.

இதை உணர 1992-இன் இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்துக் கேளுங்கள். எல்விஸ் பிரெஸ்லியின் ஒரு சிங்கிளின் இரு பக்கங்களும் சேர்ந்து 1956-இல், ஹாட் 100-க்கு முந்தைய பில்போர்டு தரவரிசையில், பதினோரு வாரங்கள் முதலிடத்தில் இருந்தன. அந்தச் சாதனையை முப்பத்தாறு ஆண்டுகள் யாரும் முறியடிக்கவில்லை. ஃபிலடெல்ஃபியாவின் நான்கு இளைஞர்களான பாய்ஸ் டூ மென், 'எண்ட் ஆஃப் தி ரோடு' என்ற பாட்டால் பதின்மூன்று வாரங்கள் நின்று அதை முறியடித்தார்கள். அந்தச் சாதனை ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. விட்னி ஹூஸ்டனின் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' அந்த நவம்பரில் முதலிடத்துக்கு வந்து பதினான்கு வாரங்கள் இருந்தது. அது டாலி பார்ட்டன் எழுதி, 1974-லும் 1982-லும் அவர் குரலிலேயே கன்ட்ரி தரவரிசையில் முதலிடம் பெற்ற பாட்டு. டாலி அதை மெல்லிய விடைபெறலாகப் பாடினார். விட்னியோ, ஏறக்குறைய முக்கால் நிமிடம், ஒரு வாத்தியமும் இல்லாத வெறும் குரலில் தொடங்குகிறார். மூச்சு எடுக்கும் ஓசைகூடக் கேட்கும் அந்த அமைதியை நிலையங்கள் வெட்டாமல் ஒலிபரப்பியது, கேட்டவர்கள் அதற்காகவே காத்திருந்ததால்தான் என்று நம்புகிறேன். உங்கள் மன்றத்தில் இதைக் கேட்கும்போது தொடக்கத்தில் யாரையும் பேசவிடாதீர்கள்.

1994-இல் பாய்ஸ் டூ மென் மீண்டும் பதினான்கு வாரங்கள் இருந்து, தங்கள் பாட்டைத் தங்களுடைய அடுத்த பாட்டாலேயே முதலிடத்திலிருந்து இறக்கினார்கள். அதற்கு முன் எல்விஸும் பீட்டில்ஸும் மட்டுமே அதைச் செய்திருந்தார்கள். 1995 டிசம்பரில் அவர்களும் மரையா கேரியும் சேர்ந்து பாடிய 'ஒன் ஸ்வீட் டே' முதலிடத்தில் நுழைந்து பதினாறு வாரங்கள் நீடித்தது. மரையா, இறந்துபோன தம் நண்பரும் இசையமைப்பாளருமான டேவிட் கோலை நினைத்து எழுதத் தொடங்கினார். குழுவினர் கொலையுண்ட தங்கள் பயண மேலாளரை நினைத்து எழுதிவைத்திருந்தார்கள். இரண்டு துக்கங்களும் ஒரே பாட்டாயின. 2017-இல் 'டெஸ்பசீட்டோ' அந்தப் பதினாறைச் சமன் செய்தது, 2019-இல் 'ஓல்ட் டவுன் ரோடு' பத்தொன்பது வாரங்களால் அதைக் கடந்தது. மரையாவும் பாய்ஸ் டூ மென்னும் பாடியவற்றில் 'ஒன் ஸ்வீட் டே' மிகச் சிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். இறுதிப் பகுதியில் குரல்கள் ஒன்றையொன்று முந்த முயல்வது எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் துக்கத்தில் இருப்பவர்கள் அதை ஏன் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்பது எனக்குப் புரிகிறது.

எண்ணிக்கை நேர்மையானதும் நிறுவனங்கள் வேறு வழிகளைக் கண்டுபிடித்தன என்பதையும் சொல்லவேண்டும். பாட்டை முதலில் வானொலிக்கு மட்டும் கொடுத்து, ஆவல் பெருகும்வரை கடைக்கு அனுப்பாமல் வைத்திருந்து, பிறகு ஒரே நாளில் மலிவு விலையில் இறக்கினால் முதல் வார விற்பனை குவிந்து பாட்டு நேராக உச்சியில் நுழையும். 1995 செப்டம்பரில் மைக்கேல் ஜாக்சனின் 'யூ ஆர் நாட் அலோன்' ஹாட் 100-இன் வரலாற்றில் முதன்முறையாக இப்படி முதலிடத்திலேயே நுழைந்தது; அதே மாதம் மரையாவின் 'ஃபேன்டசி' அதைப் பின்தொடர்ந்தது. இதற்கு நேரெதிரான பாட்டு, ஸ்பெயினின் செவில் அருகிலுள்ள தோஸ் எர்மானாஸ் ஊரின் இரண்டு நடுவயதுக்காரர்களான லோஸ் டெல் ரியோ பாடிய 'மக்கரேனா'. மயாமியில் ஆங்கில வரிகள் சேர்க்கப்பட்ட அதன் மறுகலவை, ஹாட் 100-க்குள் நுழைந்து முப்பத்து மூன்றாவது வாரத்தில்தான் உச்சிக்கு ஏறியது; 1996 ஆகஸ்டிலிருந்து பதினான்கு வாரங்கள் அங்கே இருந்தது. பழைய முறையில் அவ்வளவு பொறுமையாக ஏறும் பாட்டைக் கடைக்காரர்கள் பாதிவழியில் மறந்திருப்பார்கள்.

இனி உங்கள் அத்தையின் பாட்டு. கடைகளில் சிங்கிளாக விற்கப்படாத எந்தப் பாட்டும், எத்தனை கோடிப்பேர் வானொலியில் கேட்டாலும், 1998 டிசம்பர் வரை ஹாட் 100-இல் நுழைய முடியாது. நிறுவனங்கள் இதில் ஒரு கணக்குப் போட்டன. சிங்கிள் மலிவு, ஆல்பம் விலை அதிகம். பிடித்த பாட்டு சிங்கிளாகக் கிடைக்காவிட்டால், அந்த ஒன்றுக்காக முழு ஆல்பத்தையும் வாங்குவார்கள். 'ஃபிரெண்ட்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாட்டைப் பாருங்கள். ஒரு நிமிடம்கூட இல்லாத அதை நாஷ்வில் வானொலி நிலையம் ஒன்று வெட்டி ஒட்டி முழுப் பாட்டாக்கி ஒலிபரப்பியது. கேட்டவர்கள் விடாமல் வற்புறுத்தவே ரெம்பிராண்ட்ஸ் குழு அதை முழுதாகப் பதிவு செய்தது. 1995-இல், ஒலிபரப்பை மட்டும் எண்ணிய வானொலித் தரவரிசையில் எட்டு வாரங்கள் முதலிடத்தில் இருந்த பாட்டை நிறுவனம் சிங்கிளாக விற்காமல் ஆல்பத்தில் வைத்துக்கொண்டது. தாமதமாக சிங்கிள் வந்தபோது வேகம் அடங்கி, ஹாட் 100-இல் பதினேழாவது இடத்தோடு நின்றுவிட்டது.

'டோன்ட் ஸ்பீக்' அமெரிக்காவில் சிங்கிளாக வரவே இல்லை. குழுவின் பாடகி க்வென் ஸ்டெஃபானி, தம்மைப் பிரிந்த காதலரைப் பற்றித் தம் அண்ணனோடு சேர்ந்து எழுதிய பாட்டு அது. அந்தக் காதலர், அதே குழுவில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டு மேடையில் அவர் பக்கத்திலேயே நின்ற டோனி கனால். 1996-இன் இறுதியிலும் 1997-இன் தொடக்கத்திலும் அந்தப் பாட்டு வானொலித் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தது பதினாறு வாரங்கள். ஆம், 'ஒன் ஸ்வீட் டே'யின் அதே பதினாறு. ஒன்று சாதனை ஏட்டில் இருக்கிறது, இன்னொன்றுக்கு நூறாவது இடம்கூட இல்லை. அட்லான்டிக்கைக் கடந்துபோனால், அப்போது விற்பனையை மட்டும் எண்ணிய பிரிட்டனில் அது சிங்கிளாக வெளியாகி, 1997 பிப்ரவரியில் முதலிடத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் அதன் பயன் ஆல்பத்துக்குப் போயிற்று. 'டிராஜிக் கிங்டம்' ஆல்பத் தரவரிசையில் முதலிடம் பெற்றது. நிறுவனத்தின் கணக்கு பலித்தது. பாட்டின் பெயர்தான் வரலாற்றிலிருந்து விடுபட்டது.

கார்டிகன்ஸ் குழுவின் 'லவ்ஃபூல்' பாட்டுக்கும் இதே கதி. 1998-இல் நத்தலி இம்ப்ரூலியாவின் 'டார்ன்' வானொலியில் பதினோரு வாரங்களும், கூ கூ டால்ஸின் 'ஐரிஸ்' பதினெட்டு வாரங்களும் முதலிடத்தில் இருந்தபின், பத்திரிகைக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. 1998 டிசம்பர் 5 தேதியிட்ட இதழிலிருந்து, சிங்கிளாக விற்கப்படாத பாட்டுகளும் ஒலிபரப்பின் அடிப்படையில் ஹாட் 100-இல் நுழையலாம் என்று விதி மாறியது. அதற்குள் அந்த இரு பாட்டுகளின் உச்சக்காலம் கடந்துவிட்டிருந்தது. 'ஐரிஸ்' ஒன்பதாவது இடம்வரை வந்தது, 'டார்ன்' நாற்பத்திரண்டோடு நின்றது. அந்த நாற்பத்திரண்டை மட்டும் பார்க்கும் ஒருவர், 'டார்ன்' சுமாராகப் பிரபலமான பாட்டு என்று எண்ணிவிடுவார். அந்த அநியாயம் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

உங்கள் பட்டியலுக்கு என் யோசனை இது. 1990, 1991-க்கு ஹாட் 100-ஐ முழுதாக நம்பாதீர்கள். அந்த ஆண்டுகளுக்கு உங்களுக்குத் தோன்றும் ராப், கன்ட்ரி ஆல்பங்களிலிருந்து ஒவ்வொரு பாட்டைச் சேருங்கள். 1992 முதல் 1994 வரை முதலிடங்களே போதும். 1995-இலிருந்து 1998 வரை ஹாட் 100-இன் முதலிடங்களையும் வானொலித் தரவரிசையின் முதலிடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 1997-இன் கூட்டத்தை டோனி பிராக்ஸ்டனின் 'அன்பிரேக் மை ஹார்ட்' பாட்டோடு தொடங்கலாம். 'டோன்ட் ஸ்பீக்' வானொலியை ஆண்டுகொண்டிருந்த அதே குளிர்காலத்தில் ஹாட் 100-இல் பதினோரு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது அதுதான். இரண்டும் பிரிவின் பாட்டுகள், ஒன்று மன்றாடுகிறது, மற்றொன்று பேச்சை நிறுத்தச் சொல்கிறது. இரண்டாவதைப் போடும் நாளில் முடிந்தால் உங்கள் அத்தையையும் அழைத்து வாருங்கள்.

அன்புடன்.