பாப்அப் வந்ததும் வேக மதிப்பெண் ஏன் ஆடுகிறது?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருந்து பூஜைப் பொருளும் புடவையும் ஆன்லைனில் விற்கிறோம். முதல் முறை வருபவர்களுக்கு ஐந்து விநாடி கழித்து '10% தள்ளுபடி, மின்னஞ்சல் முகவரி கொடுங்கள்' என்று படத்தோடு ஒரு பாப்அப் வரும். இணையதள வேகத்தைச் சோதிக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் மொபைல் மதிப்பெண் ஒரு தடவை 80-ஐத் தாண்டுகிறது, அடுத்த தடவை 50-க்குக் கீழே போகிறது. பாப்அப்பை எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்க வேண்டாம் அம்மா. அது வரும் நேரத்தையும் விதத்தையும் மாற்றினால் போதும்.

மதிப்பெண் இப்படி ஆடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த ஐந்து விநாடியைத்தான். பேஜ்ஸ்பீட்டுக்குப் பின்னால் ஓடுவது லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவி. பக்கம் அடங்கிவிட்டது என்று தெரிந்ததும் அது அளப்பதை நிறுத்திவிடும். உங்கள் பாப்அப் சில சமயம் அதற்குள் வந்துவிடுகிறது, சில சமயம் பிந்திவிடுகிறது. எல்சிபி என்ற அளவு, திரையில் தெரிகிற மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ எப்போது வந்தது என்று பார்க்கும், 2.5 விநாடிக்குள் இருந்தால் நல்லது. முகப்புப் படத்தைவிட பாப்அப்பில் உள்ள புடவைப் படம் பெரிதாக இருந்தால் கணக்கு அதற்குத் தாவிவிடும். இரண்டு விநாடியில் வந்த பக்கம், ஐந்து விநாடிக்கு மேல் ஆனதாகப் பதிவாகும்.

இந்தச் சோதனைக் கருவி ஒவ்வொரு முறையும் குக்கி (முன்பு வந்ததை நினைவில் வைக்கும் சிறு பதிவு) இல்லாத புது ஆளாகவே வரும். அதனால் உங்கள் பழைய வாடிக்கைக்காரர்களுக்கு வராத பாப்அப், அதற்கு ஒவ்வொரு முறையும் கிளம்பும். கருவி திரையைத் தொடாது, ஸ்க்ரோல் செய்யாது. மனிதர்கள் தொட்ட உடனே குரோம் எல்சிபி கணக்கை முடித்துவிடும். ஐந்து விநாடிக்குள் விரலை நகர்த்தாதவர் எத்தனை பேர்? ஆகவே பேஜ்ஸ்பீட் முடிவுப் பக்கத்தின் மேல்பகுதியில் வரும் உண்மைப் பயனர் தரவையும் பாருங்கள். அது கடந்த 28 நாள் நிலவரம். வருகை குறைவான தளங்களுக்குக் காட்டாது.

பாப்அப் கண்ணில் படும் முன்பே பக்கத்தை மந்தமாக்குவது அதை இயக்கும் நிரலான ஸ்கிரிப்ட். வெளிச் சேவையில் இருந்து வருகிறது என்றால், பக்கம் திறக்கும்போதே இறங்கி, போனின் செயலியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செயலி இப்படி அடைபட்டுக் கிடக்கும் மொத்த நேரத்தை அளக்கும் டிபிடிக்கு லைட்ஹவுஸ் மதிப்பெண்ணில் 30% பங்கு. ப்ரீபெய்டு டேட்டாவில் வருபவருக்கு அது காசு விரயமும்கூட.

எது காரணம் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். குரோம் உலாவியிலேயே உள்ள டெவ்டூல்ஸ் என்ற சோதனைப் பலகையின் நெட்வொர்க் பகுதியில் அந்த ஸ்கிரிப்டின் மேல் வலது கிளிக் செய்து முடக்குங்கள். இன்காக்னிட்டோ என்ற மறைநிலைச் சாளரத்தில் லைட்ஹவுஸை ஐந்து தடவை ஓட்டுங்கள். முடக்காமலும் அதேபோல் ஐந்து தடவை. இரண்டிலும் நடு எண்ணை எடுத்து ஒப்பிடுங்கள். ஒற்றைச் சோதனையை நம்பவே வேண்டாம்.

அப்புறம் திருத்தம். டைமரை எடுத்துவிட்டு, வாடிக்கையாளர் பாதிப் பக்கம் ஸ்க்ரோல் செய்ததும் பாப்அப் வரட்டும். ஸ்கிரிப்டும் அதுவரை காத்திருக்கட்டும். படத்தைச் சின்னதாக்குங்கள், எழுத்து மட்டும் இருந்தாலே போதும் என்பேன். பக்கத்தின் மேல் மிதக்கும் பெட்டி உள்ளடக்கத்தை நகர்த்தாது. மேலே இருந்து இறங்கி எல்லாவற்றையும் கீழே தள்ளும் பட்டைதான், பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று அளக்கும் சிஎல்எஸ்ஸைக் கெடுக்கும். பட்டை வேண்டுமென்றால் அதற்கு முன்கூட்டியே இடம் ஒதுக்குங்கள்.

சோதனைக் கருவி வந்தால் மட்டும் பாப்அப்பை மறைக்கும் தந்திரத்தை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். மதிப்பெண் ஏறும், கடைக்கு வருபவர் அதே மந்தத்தில்தான் நிற்பார். தேடலில் இருந்து வந்தவுடன் மொபைல் திரையை மறைக்கும் பாப்அப்பை கூகுள் 2017 ஜனவரி முதல் தரவரிசையில் கணக்கில் எடுக்கிறது. மின்னஞ்சல் வாங்கும் இடத்தில், விளம்பரம் அனுப்பச் சம்மதமா என்று தெளிவாகக் கேளுங்கள். நம் தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியா அதை எதிர்பார்க்கிறது.

மாற்றத்தின் முழுப் பலன் பயனர் தரவில் தெரிய அந்த 28 நாளும் கழிய வேண்டும். அதனால் தீபாவளிக் கூட்டம் தொடங்க ஒரு மாதத்துக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.