பதினொன்று வரை எண்ணத் தெரிந்தால் போதும்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததிலிருந்து உங்கள் அம்மா நினைவாகவே இருக்கிறது. அப்பா போனபின் அவரை மதுரையிலிருந்து இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் கூட்டிவந்து நாலு மாதம் ஆகிறது, நீங்கள் இருவரும் வேலைக்குப் போனால் சாயங்காலம் வரை தனியாக இருக்கிறார், பக்கத்துத் தெரு ஆன்ட்டி பிக்கிள்பால் என்ற மட்டைப்பந்து ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் "64 வயசுல எனக்கு எதுக்குப்பா, இங்கிலீஷும் வராது" என்கிறார், கட்டாயப்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயப்படுத்த வேண்டாம். ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்க்க மட்டும் சொல்லுங்கள்.

நான் இங்கே வந்து 22 வருடம். ஊரில் வாசலில் நின்றால் போதும், பூக்காரியோ கீரைக்காரியோ பேச ஆள் கிடைக்கும். இங்கே உயரமான மதில், அதன்மேல் மின்வேலி, ரிமோட்டில் திறக்கும் கேட். கார் ஓட்டத் தெரியாத பெரியவர்கள் பிள்ளைகள் திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதுதான். என் மாமியார் தன் கடைசி மூன்று வருடத்தை ஜன்னலோரத்தில்தான் கழித்தார். அந்த வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தப் பிக்கிள்பால் 1965-இல் அமெரிக்காவில் சியாட்டில் பக்கத்துத் தீவு ஒன்றில், விடுமுறையில் சலித்துப்போன பிள்ளைகளுக்காக, கையில் கிடைத்த மட்டையையும் பிளாஸ்டிக் பந்தையும் வைத்துத் தொடங்கியது. குடும்பமே சேர்ந்து ஆட அமைத்த ஆட்டம் என்பது அதன் விதிகளிலேயே தெரியும். களம் 44 அடி நீளம், 20 அடி அகலம். பேட்மின்டன் களத்தின் அளவேதான். சர்வீஸ் போடும்போது கை கீழிருந்துதான் வர வேண்டும். ஓட்டை போட்ட பந்து என்பதால் வேகம் சீக்கிரம் அடங்கிவிடும். வலைக்கு இரண்டு பக்கமும் ஏழேழு அடிக்கு ஒரு பகுதி உண்டு, கிச்சன் என்பார்கள். அதற்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. பலசாலி ஒருவர் வலையை ஒட்டி நின்று ஓங்கி அறைய வழியில்லை. 70 வயதுக்காரரும் அவர் பேரனும் ஒரே களத்தில் ஆடுவதை வாராவாரம் பார்க்கிறேன்.

அந்தக் கிச்சன் கோட்டில், ஜோடி ஜோடியாக ஆடும் நாலு பேரும் வந்து நின்றால் எதிராளிக்கும் நமக்கும் 14 அடிதான். முகம் தெரியும், முணுமுணுப்பது கேட்கும், ஆடிக்கொண்டே பேசலாம். டென்னிஸில் இது நடக்காது. ஆட்டம் 11 புள்ளிதான், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். காத்திருப்பவர்கள் மட்டையை வரிசையில் வைத்திருப்பார்கள், அடுத்த நாலு பேர் உள்ளே போவார்கள். ஜோடி தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஒரு காலையிலேயே ஏழெட்டுப் பேருடன் ஆடியிருப்பார் அம்மா. இரண்டாம் வாரம் போகாவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று போன் வரும். எனக்கு வந்தது. அந்தப் போனுக்காகவே மறுநாள் எழுந்து போனேன்.

இங்கிலீஷ் பயம் வேண்டாம். சர்வீஸுக்கு முன் மூன்று எண் சொல்ல வேண்டும்: நம் புள்ளி, அவர்கள் புள்ளி, நம் ஜோடியில் சர்வீஸ் போடுவது முதல் ஆளா இரண்டாம் ஆளா என்பது. ஆட்டம் "ஜீரோ, ஜீரோ, டூ" என்று தொடங்கும். முதலில் போடும் ஜோடிக்கு மட்டும் அந்தத் தடவை ஒரு ஆளுக்குத்தான் வாய்ப்பு, அதனால் டூ. எண்ணத் தெரிந்தால் போதும்.

அப்புறம், அங்கே வருபவர்களில் பாதிப் பேர் 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம்மவர்களின் வழிவந்தவர்கள். பலருக்குத் தமிழ் பேச வராது, ஆனால் புரட்டாசி முழுக்கச் சைவம்தான், காவடியும் மாரியம்மன் கூழும் விடமாட்டார்கள். ஊரில் எப்படிச் செய்வீர்கள் என்று என்னைச் சுற்றிக்கொண்டு கேட்பார்கள். உங்கள் அம்மாவுக்கு அங்கே சொல்ல நிறைய இருக்கும்.

ஆபத்தும் உண்டு. தலைக்குமேல் போகும் பந்தைப் பின்னாலேயே நடந்து பிடிக்கப் போய் விழுந்து, மணிக்கட்டு பிசகி ஆறு வாரம் கட்டோடு இருந்தேன். போகிற பந்து போகட்டும் என்று விட அம்மாவைப் பழக்குங்கள். நடைக்கான ஷூ வேண்டாம். பக்கவாட்டில் கால் திரும்பினாலும் தாங்குகிற கோர்ட் ஷூ வாங்குங்கள். சேலை சரிவராது, சுடிதார் போதும். மூட்டுவலியோ பிரஷரோ இருந்தால் டாக்டரிடம் முதலில் கேளுங்கள். டிசம்பர், ஜனவரிப் புழுக்கத்தில் வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும், ஐந்து மணிக்கே விடிந்துவிடுவதால் அது சுலபம். மட்டை இப்போதே வாங்காதீர்கள், அங்கே யாராவது இரவல் தருவார்கள்.

முதல் நாள் நீங்களே கொண்டுபோய் விடுங்கள். ஆனால் கூட உட்காராமல் கிளம்பிவிடுங்கள் தம்பி. நீங்கள் இருந்தால் எல்லோரும் உங்களிடம் இங்கிலீஷில் பேசுவார்கள், அம்மா பக்கத்தில் சும்மா இருப்பார். திரும்பி வரும்போது அந்த ஆன்ட்டியே தன் காரில் கொண்டுவந்து விடட்டும்.