சேமநிதியில் கை வைக்காதீர்கள், அம்மா

போன சனிக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி நீங்கள், அப்பா, தம்பி மூவரும் வந்தீர்கள். அப்பா வாயே திறக்கவில்லை. நீங்கள்தான் பேசினீர்கள். பெரியப்பா வீட்டில் டாக்டர் இருக்கிறார், நம் வீட்டிலும் ஒருவர் வேண்டாமா. தம்பிக்குத் தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் இருக்கிறது. சேமநிதியை எடுத்து, வீட்டையும் அடமானம் வைத்தால் சமாளித்துவிடலாம். "பார்க்கலாம் அம்மா" என்று சொல்லி அனுப்பினேன். அது மழுப்பல்.

வேண்டாம் என்பதுதான் என் பதில். பல லட்சம் ரிங்கிட் செலவு, அதுவும் வயதான காலத்துக்கு வைத்த பணம். 2016 கடைசியிலிருந்து அரசு மருத்துவமனைகளில் புது டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். 2021 ஜூலையில் அவர்கள் கறுப்புச் சட்டை போட்டு வெளிநடப்பு செய்தது நினைவிருக்கும். டாக்டராகியே தீருவேன் என்று துடிக்கிற பிள்ளை என்றால், போய் வா என்பேன். தம்பி துடிக்கவில்லை.

பொறியியல், கணக்கியல், ஐடி பற்றிச் சொல்ல சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நான் தம்பியின் நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். தாத்தாவோடு தூண்டில் போடப் போகும் படகுத்துறையில், தூணில் பெயிண்டால் கோடு போட்டு, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று தேதிவாரியாக எழுதியிருக்கிறான். ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில், "தூணே சாய்கிறதோ?" அளவுகோலையே சந்தேகப்படுகிற பையன்!

அந்தச் சந்தேகமே தொழிலாக இருக்கிறவர்கள் உண்டு. கடல்மட்டத்தை அளக்க 1992-இல் ஏவிய டோபெக்ஸ்-பொசைடன் என்ற செயற்கைக்கோள் 1,336 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. ரேடார் துடிப்பு கடலில் பட்டுத் திரும்பும் நேரத்திலிருந்து தூரம் கிடைக்கும்; செயற்கைக்கோளின் உயரத்தில் அதைக் கழித்தால் கடல்மட்டம். சரி, செயற்கைக்கோள் எந்த உயரத்தில் இருந்தது? அதில் 5 சென்டிமீட்டர் பிசகினால் கடலும் 5 சென்டிமீட்டர் பிசகும். உலகக் கடல்மட்டம் ஏறுவதோ ஆண்டுக்குச் சராசரி 3 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டித்தான்.

செயற்கைக்கோள் வடக்கே ஏறும் தடமும் தெற்கே இறங்கும் தடமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரே கடலுக்கு இரண்டு உயரம் கிடைக்கும். வித்தியாசத்தில் கொஞ்சம், இடைப்பட்ட நாட்களில் கடலே மாறியது. மீதியில் முக்கியமான ஒன்று சுற்றுப்பாதைப் பிழை, அதாவது செயற்கைக்கோளின் உயரத்தைக் கணித்ததில் வந்த பிசகு. அது மெதுவாக, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஓர் அலையாக ஏறி இறங்கும். ஆயிரக்கணக்கான வெட்டுப்புள்ளிகளைச் சேர்த்து, வித்தியாசங்கள் மொத்தத்தில் மிகக் குறையும்படி அந்த அலையைக் கணித்துக் கழிக்கிறார்கள். அளவுக்கு மீறித் திருத்தினால் நிஜமான கடல் நீரோட்டமும் சேர்ந்து அழிந்துபோகும். இரண்டு தடத்திலும் ஒரே பக்கமாக இருக்கும் பிழையோ கழித்தலில் மறைந்துவிடும், கண்ணிலேயே படாது. (பத்து சொந்தக்காரர்கள் ஒரே தப்பைச் சொன்னாலும் அப்படித்தான்.) அதனால்தான் தரையிலிருந்து லேசர் அடித்தும், ஜிபிஎஸ் வைத்தும் பாதையைத் தனியாகச் சரிபார்க்கிறார்கள். சுமார் 780 கிலோமீட்டரில் பறந்த இஆர்எஸ்-1 என்ற இன்னொரு செயற்கைக்கோளின் பாதையைத் திருத்த டோபெக்ஸின் அளவுகளையே ஆதாரமாக வைத்தார்கள்.

இதற்கு அடிப்படை, ஜொகூர் ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (யூ.டி.எம்.) நடத்தும் ஜியோமேட்டிக் பட்டப்படிப்பு. நில அளவை, கடலடி அளவை, செயற்கைக்கோள் வழி இடங்காணல், அளவுப் பிழைகளைச் சரிக்கட்டும் கணக்கு எல்லாம் அதில் உண்டு. அதற்கு முன் மெட்ரிகுலேஷன் கிடைத்தால் சரி, இல்லையென்றால் பள்ளியிலேயே படிவம் 6. அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம், அதற்கும் பணம் போதாவிட்டால் பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

பாதை கணக்கிடும் வேலை பினாங்கில் காத்திருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். அது பெரும்பாலும் நாசாவிலும் பிரான்சிலும் நடக்கிறது. ஆனால் உரிமம் பெற்ற நில அளவையாளர், துறைமுக அளவை, அரசின் நில அளவைத் துறையான ஜூப்பெம் எல்லாம் இங்கேயே இருக்கின்றன. தீபகற்ப மலேசியாவின் நில உயரங்கள் கிள்ளான் துறைமுகத்தின் சராசரிக் கடல்மட்டத்தை வைத்துத்தான். அந்தக் கடல்மட்டத்தை அளக்கும் அலைமானிகளைப் பராமரிப்பது ஜூப்பெம்.

அடுத்த சனிக்கிழமை தம்பியை மட்டும் அனுப்புங்கள். அந்தமான் கடலில் இரண்டு தடங்கள் வெட்டும் ஓரிடத்தின் எண்களை இறக்கி வைத்திருக்கிறேன். நோட்டை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.